மணலுக்குள் எண்ணெயும் தண்ணீரும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தடி மணலிலிருந்து எண்ணெய் எப்படி ஓடிவரும் என்று கணக்கிடுவது ரிசர்வாயர் பிரிவு. அங்கே புதிதாக வருகிறவர்களின் கணக்குகளை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்க்கிறேன். பாடத்திட்டம் மாறிவிட்டது, மென்பொருள் மாறிவிட்டது, கம்ப்யூட்டரின் வேகம் எங்கேயோ போய்விட்டது. தவறுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாங்கள் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர்கள் எந்தெந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள்.

சில்லறைப் பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. யூனிட் மாற்றும்போது வரும் பிழை, ரிசர்வாயர் பேரலையும் மேற்பரப்பு பேரலையும் குழப்பிக்கொள்வது, எக்செலில் ஒரு வரி தள்ளிப்போவது, இவற்றையெல்லாம் பக்கத்து மேசைக்காரரே பிடித்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்து, பிறகு பணத்தைக் கரைக்கும் தவறுகள்தான் எனக்கு முக்கியம்.

டார்சி வேகத்தையே தண்ணீரின் வேகமாக எடுத்துக்கொள்வது

ஹென்றி டார்சி பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர் வேலையின்போது மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். 1856-ல் வெளியான அந்த விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் வரும் வேகம் என்பது, ஓடும் அளவை மணலின் முழுக் குறுக்குப் பரப்பால் வகுத்தது. ஆனால் தண்ணீர் மணல் துகளைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் மட்டுமே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெயைத் தள்ளுவதற்காக நீர் செலுத்தும் கிணற்றுக்கும் உற்பத்திக் கிணற்றுக்கும் நடுவில் 300 மீட்டர். டார்சி வேகம் நாளுக்கு 5 சென்டிமீட்டர். நேரடியாக வகுத்தால் 6,000 நாள், அதாவது 16 ஆண்டுக்கு மேல். போராசிட்டி, அதாவது மணலில் இடைவெளியின் பங்கு, 25 சதவீதம் என்றால் துளைகளுக்குள் உண்மையான வேகம் 20 சென்டிமீட்டர். அதோடும் முடியவில்லை. துளையில் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் அசையாமல் ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் பின்தங்கிவிடுகிறது. நகரும் முன்னணிக்குக் கிடைப்பது மீதி இடம்தான். ஆகவே அது இன்னும் வேகமாகப் போகும். கீழே சொல்லப்போகும் முதல் அட்டவணையை வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வருகிறது. 16 ஆண்டு என்று எழுதிவைத்த கிணற்றில் 20 மாதத்தில் தண்ணீர் வந்து நிற்கும்.

தண்ணீர் எண்ணெயைப் பிஸ்டன் மாதிரி தள்ளும் என்று நம்புவது

டார்சியின் குழாயில் ஒரே ஒரு திரவம்தான் இருந்தது. நம் மணலில் இரண்டு. ஒன்று இருப்பதே மற்றதற்கு வழியை அடைக்கிறது. தனியாக ஓடும்போது கிடைக்கும் வழியில் எத்தனை பங்கு இப்போது கிடைக்கிறது என்பதுதான் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி. இரண்டின் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டியையும் கூட்டினால் பெரும்பாலும் 1-க்குக் குறைவாகத்தான் வரும். X போல இரண்டு நேர்கோடு போட்டுக் கொண்டுவருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நேர்கோடு அகலமான பிளவுகளுக்கு ஓரளவு ஒத்துவரும். மணலுக்கு ஒத்துவராது.

பக்லியும் லெவரெட்டும் 1942-ல் காட்டியது இதுதான்: தண்ணீரின் பங்கு ஓர் இடத்தில் சட்டென்று ஏறி ஒரு முன்னணியாக நகரும். அதன் பின்னால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஓடும் நீண்ட வால் இருக்கும். முன்னணி கிணற்றைத் தொட்ட பிறகும் அந்த வாலில் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும், தண்ணீரோடு சேர்ந்து. 1952-ல் வெல்ஜ் சொன்ன தொடுகோட்டு முறையில், ஒரு தாளும் அளவுகோலும் இருந்தால் இதைக் கையாலேயே வரைந்துவிடலாம். வயலைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை கையால் வரைந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வரைந்தவர்களின் கேள்விகள் தனியாகத் தெரிகின்றன.

எண்ணெய் எவ்வளவு பிசுபிசுப்போ அவ்வளவுக்கு அந்த முன்னணி தாழ்ந்துவிடும், வால் நீளும். ராஜஸ்தான் பார்மரில் 2004-ல் கண்டுபிடித்த மங்களா வயலை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மணற்கல், தாராளமான பெர்மியபிலிட்டி, அதாவது திரவத்தை எளிதாக ஓடவிடும் தன்மை. ஆனால் மெழுகு மிகுந்த எண்ணெய், மணலுக்குள்ளேயே தண்ணீரைவிடப் பல மடங்கு தடிப்பு. மெழுகு உறையாமலிருக்கத் தண்ணீரைச் சூடாக்கிச் செலுத்தினார்கள். பிறகு தண்ணீரில் பாலிமர் கலந்து அதையும் தடிப்பாக்கினார்கள். நல்ல மணல் கிடைத்துவிட்டதே, தண்ணீர் தானாகத் தள்ளிவிடும் என்று யாரும் அங்கே சும்மா இருந்துவிடவில்லை.

கழுவிய கோரின் அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுவது

கோர் என்பது கிணறு தோண்டும்போது வெட்டி எடுக்கும் பாறை உருளை. அதை லேபில் சோதித்து வரும் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி எண்கள்தான் அட்டவணை. இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சமீபத்தில் ஒரு ரிவ்யூவில் ஒரு பையன் அழகாகப் படம் போட்டுக் காட்டினான். தண்ணீர் வர ரொம்பக் காலம் ஆகும், அதுவரை சுத்தமான எண்ணெய் என்றது அவன் மாடல். ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "லேப் ரிப்போர்ட்டில் இருந்த டேபிள்தான் சார், நான் எதையும் மாத்தல" என்றான். எந்த எண்ணெயை வைத்து அளந்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களைத் திறக்கச் சொன்னேன். அங்கே எழுதியிருந்தது: கோர் மாதிரியை டொலுவீன், மெத்தனாலில் கழுவினோம், அடுப்பில் உலர்த்தினோம், மினரல் ஆயில் பயன்படுத்தினோம், அறை வெப்பநிலை.

லேப்காரர்கள் எதையும் மறைக்கவில்லை. செய்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் என்ன கெட்டுப்போகிறது? மணல் படிந்த காலத்தில் அதன் துளைகளில் இருந்தது தண்ணீர். துகளின் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தது. பிறகு எண்ணெய் வந்து பெரிய துளைகளில் புகுந்தது. காலம் போகப் போக, படலம் கிழிந்த இடங்களில் எண்ணெயிலிருக்கும் அஸ்பால்டீன் போன்ற பொருட்கள் துகளின் மேல் ஒட்டிக்கொண்டன. அந்த இடமெல்லாம் எண்ணெயை விரும்பும் பரப்பாக மாறிவிட்டது. எண்ணெய் புக முடியாத சின்னத் துளைகள் மட்டும் பழையபடி தண்ணீரை விரும்பிக்கொண்டிருக்கின்றன. ஒரே பாறைக்குள் இரண்டு குணமும் இருக்கும் இந்த நிலையை வைத்துத்தான், டெக்சாஸின் கிழக்கு டெக்சாஸ் வயலில் எண்ணெய் எப்படி அவ்வளவு நன்றாக வடிந்தது என்று 1973-ல் சலாத்தியேல் விளக்கினார்.

இப்போது அந்தப் பாறையிலிருந்து ஓர் உருளையை வெட்டி மேலே கொண்டுவந்து டொலுவீனில் போட்டுக் கழுவினால், ஒட்டியிருந்தது எல்லாம் போய்விடும். பாட்டி காலத்திலிருந்து எண்ணெய் தடவிப் பழக்கிய தோசைக்கல்லை சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துவிட்டு, இதில் தோசை எப்படி எழும்பும் என்று சோதிப்பதைப் போன்றது அது. கல் அதேதான், பரப்பு வேறு.

தண்ணீரை விரும்பும் மணலில் தண்ணீர் துகளை ஒட்டியும் சின்னத் துளைகள் வழியாகவும் நகரும். பின்தங்கும் எண்ணெய் பெரிய துளையின் நடுவில் துளியாக அறுந்து நின்று, தண்ணீருக்கே வழியை அடைக்கும். அதனால் கடைசியில்கூடத் தண்ணீரின் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி குறைவாகவே இருக்கும். எண்ணெயை விரும்பும் மணலில் இது தலைகீழ். தண்ணீர் பெரிய துளையின் நடுவே தடையில்லாமல் ஓடும், எண்ணெய் ஓரங்களில் படலமாக மெல்ல மெல்ல வடியும்.

கையால் போட்ட ஒரு கணக்கைத் தருகிறேன். எண்ணெயின் பிசுக்குமை 5 சென்டிபாய்ஸ், தண்ணீர் 0.5. இரண்டு அட்டவணை, இரண்டிலும் தொடக்கத்தில் துளையில் தண்ணீரின் பங்கு 20 சதவீதம்.

முதல் அட்டவணை, கழுவிய கோரிலிருந்து வருவது போன்றது: மீதி எண்ணெய் (எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நகராதது) 30 சதவீதம், அங்கே தண்ணீரின் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி 0.2, கோரி அடுக்கு (கோடு எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்) தண்ணீருக்கு 3, எண்ணெய்க்கு 2. இரண்டாவது, நிலத்தடியில் இருப்பது போன்றது: மீதி எண்ணெய் 20 சதவீதம், தண்ணீருக்கு 0.6, அடுக்கு தண்ணீருக்கு 2, எண்ணெய்க்கு 4.

மீதி எண்ணெயை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவதுதான் நல்ல வயல் என்பார். தொடுகோடு போட்டுப் பாருங்கள். முதலாவதில், துளைக் கொள்ளளவில் 0.40 பங்கு தண்ணீர் செலுத்திய பிறகுதான் அது உற்பத்திக் கிணற்றை அடைகிறது. அந்த நேரத்துக்குள், தொடக்கத்தில் இருந்த எண்ணெயில் 49 சதவீதம் கையில் வந்துவிடுகிறது. இரண்டாவதில் 0.26 பங்கிலேயே தண்ணீர் வந்துவிடுகிறது, கையில் இருப்பது 32 சதவீதம். துளைக் கொள்ளளவு முழுவதற்கும் ஈடான தண்ணீரைச் செலுத்தி முடித்த பிறகும் 55-க்கு 42 என்று பின்தங்கித்தான் நிற்கிறது. மீதி எண்ணெய் 20 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் அதை எட்ட இன்னும் பல மடங்கு தண்ணீரைச் செலுத்த வேண்டும். அத்தனை தண்ணீரையும் மேலே எடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்?

இது கற்பனைப் பயம் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படி ஓர் அட்டவணையை நம்பித்தான் தண்ணீர் பிரிக்கும் பிளான்ட்டின் அளவைத் தீர்மானித்தார்கள். தண்ணீர் மெதுவாக வரும், சின்ன பிளான்ட் போதும் என்று முடிவு. தண்ணீர் சீக்கிரமே வந்தது, ஏராளமாக வந்தது. பிளான்ட் தாங்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைச் சோக் வால்வில் இறுக்கிப் பாதி மூடி வைத்தோம். எண்ணெய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, தண்ணீரை வைக்க மட்டும் இடமில்லை. பிளான்ட்டைப் பெரிதாக்க டெண்டர், ஒப்புதல், மறுபடியும் டெண்டர். அந்தக் காலத்தில் போன உற்பத்தியை யாரும் திருப்பித் தரவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது அடுத்து நடந்ததுதான். மாடல் சொன்னதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டதா, சரி, மாடலை ஒத்துப்போக வை என்றார்கள். அட்டவணையைத் தொடக் கூடாது, அது லேப் டேட்டா! அதனால் கிணறுகளுக்கு நடுவே பெர்மியபிலிட்டியைச் சில மடங்கு ஏற்றினார்கள். எந்த லாக்கிலும் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு) கோரிலும் இல்லாத ஒரு வேகப் பாதையை வரைந்தார்கள். கோடு அழகாகப் பொருந்தியது. பிறகு அந்தப் பாதையைத் தவிர்த்துப் புதுக் கிணறு எங்கே போடலாம் என்று அதே மாடலைக் கேட்டார்கள். இல்லாத பாதையிலிருந்து விலகிப் போட்ட கிணற்றில் என்ன வரும்? தண்ணீர்தான் வந்தது. ஒரு தவறான அட்டவணையைக் காப்பாற்ற, சரியாக இருந்த நிலவியலைக் கெடுத்தார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். முதலில் ரிப்போர்ட்டின் செய்முறைப் பக்கத்தைப் படியுங்கள், அட்டவணைக்கு முன்னால். கோர் எடுத்தபோது எந்த மட் (துளையிடும் சேறு) பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். எண்ணெய் அடிப்படையிலான மட்டில் இருக்கும் சர்ஃபாக்டன்ட் பாறையின் குணத்தை மாற்றிவிடும். கோர் காற்றுப் படாமல் அடைத்து வைக்கப்பட்டதா, கழுவிய பிறகு அந்த வயலின் கச்சா எண்ணெயிலேயே, நிலத்தடி வெப்பநிலையில், சில வாரம் ஊறவைத்துப் பழைய குணத்தை மீட்டார்களா என்று பாருங்கள். பாறை எதை விரும்புகிறது என்று அளக்கும் ஆமோட் சோதனையின் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுப்பில் உலர்த்தியதில் இழை இழையாக இருக்கும் இல்லைட் களிமண் படுத்துவிட்டால் பெர்மியபிலிட்டியே அதிகமாக அளவாகும், அதையும் கேளுங்கள். எண்ணெயை விரும்பும் கோரில் மெதுவான வேகத்தில் தண்ணீர் விட்டிருந்தால், வெளிவாய் ஓரத்தில் கேபிலரி விசை பிடித்து வைத்த எண்ணெயெல்லாம் மீதி எண்ணெயாகப் பதிவாகியிருக்கும்.

நம் துறையில் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. எண்ணெய், தண்ணீர் இரண்டின் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டிக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் நீரின் பங்கு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மீதி எண்ணெயில் தண்ணீரின் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி 0.3-க்குக் கீழே இருந்தால், தண்ணீரை விரும்பும் பாறை. அது 0.5-ஐத் தாண்டினால் எண்ணெய் பக்கம். இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அஸ்பால்டீன் நிறைந்த எண்ணெய் இருக்கும் வயலில், எல்லா மாதிரியும் அச்சடித்ததுபோல் தண்ணீரை விரும்புவதாக ரிப்போர்ட் வந்தால் உடனே சந்தேகம் வர வேண்டும்.

நல்ல கோர் கிடைக்கவே இல்லையா? இரண்டு அட்டவணை வைத்து ஓட்டுங்கள், இரண்டு பதிலையும் பிளான்ட் போடுகிறவர்களிடம் காட்டுங்கள். ஒற்றைக் கோட்டைக் காட்டிக் கைதட்டல் வாங்காதீர்கள்.

அடுக்குகளைச் சராசரிக்குள் புதைப்பது

10 மீட்டர் மணல். அதில் 1 மீட்டரின் பெர்மியபிலிட்டி 1,000 மில்லிடார்சி, மீதி 9 மீட்டர் 100 மில்லிடார்சி. சராசரி 190. மாடலில் ஒரே அடுக்காக 190 என்று போட்டால் மொத்த ஓட்டம் சரியாக வரும். ஆனால் அந்த ஒரு மீட்டர் வழியாகத்தான் பாதிக்கு மேல் தண்ணீர் போகிறது, மற்ற அடுக்குகளைவிடப் பத்து மடங்கு வேகத்தில். சராசரி போட்டவரின் மாடலில் அது தெரியவே தெரியாது.

அந்த வேக அடுக்கு மணலின் அடியிலா உச்சியிலா என்பதையும் பாருங்கள். தண்ணீர் கனமானது, கீழே இறங்கப் பார்க்கும். வேக அடுக்கு அடியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து மேலிருக்கும் எண்ணெயை விட்டுவிட்டுப் போகும். உச்சியில் இருந்தால், நடுவில் களிமண் தடுப்பு இல்லாத பட்சத்தில், தண்ணீர் போகிற வழியில் கீழே இறங்கி ஓரளவு சமன் செய்யும். சராசரி எண் ஒன்றேதான், ஆனால் இரண்டும் இரண்டு வயல்.

எண்ணெய்–நீர் எல்லையைக் கத்தியால் வெட்டிய கோடாக வரைவது

நல்ல மணலில் பரவாயில்லை. இறுக்கமான மணலில் அந்தக் கோட்டுக்கு மேல் பல மீட்டருக்கு இரண்டும் கலந்தே ஓடும்.

அழுத்தம் குமிழ்ப் புள்ளிக்குக் கீழே போன பிறகும் இரண்டு திரவக் கணக்கு

வேண்டாம். அந்தப் புள்ளிக்குக் கீழே எண்ணெயிலிருந்து வாயு பிரியும். அப்போது ஓடுவது மூன்று.

சிமுலேட்டர் காட்டும் முதல் துளியை நம்புவது

மாடலைப் பிரித்திருக்கும் கட்டம் பெரிதாக இருந்தால் கூர்மையான முன்னணியை சிமுலேட்டர் தேய்த்துவிடும். ஒரு கட்டத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்ததுமே அது கட்டம் முழுவதும் பரவிவிட்டதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும், உடனே அடுத்த கட்டத்துக்குக் கசியவிடும். முடிவில், நிஜத்தில் இன்னும் வராத தண்ணீர் திரையில் மெல்ல மெல்லத் தலைகாட்டும். அதைப் பார்த்துவிட்டு வயலில் ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு.

ஒரே வரிசையில் கட்டங்கள் வைத்து ஓட்டிப் பாருங்கள். கையால் வரைந்த பக்லி–லெவரெட் விடையோடு ஒப்பிடுங்கள். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை நகர்ந்துகொண்டே இருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கட்டத்தின் அளவைத்தான், வயலை இல்லை. வயல் முழுவதற்கும் சின்னக் கட்டம் வைக்க முடியாது, தெரியும். அதற்கு ஈடாக அட்டவணையைத் திருத்திப் போடும் முறைகள் இருக்கின்றன. அப்படித் திருத்தினால் அந்த அட்டவணைக்கு வேறு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அடுத்து வருகிறவர் அதை லேப் டேட்டா என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் ஆபீசில் இது நடந்திருக்கிறது.

வாட்டர் கட் ஏறியதும் வயல் முடிந்தது என்று சொல்வது

வாட்டர் கட், அதாவது கிணற்றில் வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு, ஏறினால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. செலுத்திய தண்ணீரின் முன்னணியா, அடியிலிருந்து கூம்பாக எழும்பிய தண்ணீரா, ஒரே ஒரு வேக அடுக்கா, சிமென்ட் பிடிக்காத இடமா, கிணற்றின் கேசிங் குழாயில் ஓட்டையா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உற்பத்தியைக் குறைத்தால் கூம்பு இறங்கலாம். வேக அடுக்கை அடைக்கலாம். கேசிங் ஓட்டைக்கு ரிசர்வாயர் மாடலில் விடை கிடையாது, கிணற்றைப் பழுதுபார்க்கும் ஒர்க்ஓவர் ரிக்தான் வர வேண்டும்.

தண்ணீரின் உப்பைச் சோதியுங்கள். செலுத்திய தண்ணீரும் பாறைத் தண்ணீரும் பெரும்பாலும் ஒரே உப்பாக இருக்காது. தண்ணீர்–எண்ணெய் விகிதத்தை நேரத்தோடு லாக்–லாக் தாளில் போடுங்கள், அதன் சரிவு எப்படி மாறுகிறது என்பதையும் கூடவே போடுங்கள். முடிந்தால் கிணற்றுக்குள் புரொடக்‌ஷன் லாக் ஓட்டச் சொல்லி, எந்த ஆழத்தில் தண்ணீர் நுழைகிறது என்று பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகு மாடலைத் திறந்தால் போதும்.